அல்லி எந்தப் பக்கம் படுக்கிறாள்?

மலையடிவாரத்து மாந்தோப்பில் நாய்கள் வளர்த்துவந்தார் செண்பகவல்லி அம்மாள். தம் நாய்க்கு இணை சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டு வந்தவர்கள் எவரும் முதல் நாளிலேயே பதில் பெற்றுத் திரும்பியதில்லை.

திருப்பதி ராஜா அவருடைய மாணவர். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் தோப்புக்கு வந்து, நாய்களைக் குளிப்பாட்டியும் உண்ணி எடுத்தும் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாணவருக்கு வயது அறுபத்தொன்று. ஆசிரியைக்கு நாற்பத்து நான்கு. இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று முற்பகலில் ராஜா தம் நாய் அல்லியை அழைத்துக்கொண்டு வந்தார். மூன்று வயதுப் பெண் நாய். ராஜபாளையம் இனம். உடல் முழுவதும் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள்.

"பருவம் வந்து இன்றோடு ஒன்பது நாள் அம்மா. இன்னும் மூன்று நாளில் சேர்க்காவிட்டால் இந்த முறையும் போய்விடும்."

"முதல் பருவத்திலும் வந்தீர்கள்."

"வயது போதாது என்றீர்கள். திரும்பிப் போனேன்."

"அடுத்த முறை?"

"இடுப்பெலும்பைப் படம் எடுத்து வரச் சொன்னீர்கள். எடுத்தாயிற்று. குறையில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தடுப்பூசி போட்டாயிற்று. ஏழு வீட்டார் குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி பிரசவத்துக்கென்று நான்கு வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். பழையது என்று எண்ணி என் நல்ல வேட்டியையும் சேர்த்துவிட்டாள். அதையும் நான் கேட்கவில்லை."

அம்மாள் அல்லியின் முன் குந்தி அமர்ந்து அவள் கண்களைப் பார்த்தார்.

"இவளுடைய தாய்?"

"மாசியில் இறந்துவிட்டது." ராஜாவின் குரல் தாழ்ந்தது. "என் பாட்டனார் காலத்து வம்சம் அம்மா. இன்று எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது இவள் ஒருத்தி. இவளோடு நின்றுவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

"கூடப் பிறந்தவை?"

"இவளோடு சேர்த்து ஐந்து. மூன்று குட்டிகள் கண் திறக்குமுன்பே போய்விட்டன. மிச்சமிருந்த ஒரு பெட்டைக்குக் காதோரம் மிளகளவு கறுப்பு. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. புள்ளி விழுந்த குட்டியை வைத்துக்கொள்வதில்லை. பால் மறந்ததும் கொடுத்துவிட்டேன். இவளைப் பாருங்கள், ஒரு மயிர்கூட நிறம் மாறாது."

வேலிக்கு அப்பால், அம்மாளின் ஆண் நாய் சங்கு கதவைப் பிறாண்டியது. அல்லி தலையை உயர்த்தினாள்.

"கதவைத் திறக்கலாமா அம்மா?"

"ஒன்று கேட்கிறேன். இவள் தூங்கும்போது எந்தப் பக்கம் படுக்கிறாள்?"

ராஜா சிரித்தார். "படுக்கிற பக்கத்தில்தான்."

"அது பதில் அன்று ஐயா."

"எங்கள் பாட்டனார் பல்லைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். படுக்கையைப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை."

"நீங்கள் பாருங்கள்."

இருவரும் மாமரத்தடியில் அமர்ந்தார்கள். அல்லி உடனே தூங்கவில்லை. தோப்பைச் சுற்றினாள், அணிலைப் பார்த்தாள், சங்குவின் கதவருகே போய் நின்றாள். ராஜா பொறுமையின்றிக் காலை மாற்றி மாற்றி மடித்தார். பிறகு, பேசாமல் இருக்க இயலாமல், அவளுடைய பெருமைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"நடக்கப் போனால் என் இடப்பக்கத்தில்தான் வருவாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை. நான் பக்கம் மாறினாலும் சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே சேர்ந்துகொள்வாள். நாய்க் கண்காட்சியில் நடுவர் வியந்துபோனார். இன்னொன்றும் உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் நேரே திரும்பமாட்டாள். வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, அதன்பின்தான் வருவாள். கோயிலில் வலம் வருவதுபோல. தெருவே வந்து வேடிக்கை பார்க்கும்."



வெயில் ஏறியதும் அல்லி இருபதடி தள்ளி, நிழலில் படுத்தாள். இடப்பக்கம் தரையில் பட, வலக்காது மேலே இருந்தது. மூச்சு ஆழ்ந்தது. அம்மாள் ஒரு சருகை எடுத்து விரல்களுக்கிடையில் நொறுக்கினார்.

வலக்காது எழுந்தது. கண் திறந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் ராஜா. "வீட்டில் வெல்லப் பானையை நான் எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் இவளுக்குக் கேட்டுவிடும். இவள் எழுந்து வருவதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரி வருவாள். சர்க்கரை நோய்க்காரனுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை."

"இன்னும் பாருங்கள்."

நெடுநேரம் சென்றது. அல்லி ஒருமுறை எழுந்து, உடலை உதறி, மறுபக்கமாகப் படுத்தாள். இப்போது வலக்காது மண்ணோடு பதிந்திருந்தது. அவள் மூச்சு சீராகும்வரை அம்மாள் காத்திருந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு கைமணியை எடுத்தார். தரை அதிராதபடி கையை உயர்த்திப் பிடித்து அடித்தார்.

சங்கு குரைத்தது. கிளையிலிருந்து மைனா ஒன்று பறந்தது. அல்லி தூங்கினாள்.

மீண்டும் அடித்தார். அல்லியின் விலா ஏறி இறங்கியது. அவ்வளவே.

"களைப்பு," என்றார் ராஜா.

"கூப்பிடுங்கள்."

"அல்லி."

அவள் அசையவில்லை.

"அல்லி. அல்லிக்கண்ணு."

மூன்று ஆண்டுகளில், அவர் கூப்பிட்டு அவள் வராதது அதுவே முதல் முறை. ராஜா எழுந்திருக்க முயன்று, எழாமல் அமர்ந்தார்.

"இடக்காதா?"

"ஆம்."

"எப்போதிருந்து?"

"அவளுக்குத் தெரிந்த நாளெல்லாம்."

ராஜா தூங்கும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் வியந்த அந்த இடப்பக்க நடை, தன் வலக்காது அவரை நோக்கி இருப்பதற்காக. தெருவே பார்த்த அந்த வலச்சுற்று, குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தேடுவதற்காக. ஒவ்வொரு அழைப்புக்கும் உலகம் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் அவரைக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். ஒருமுறைகூடத் தவறவில்லை.

அவருடைய கைகள் தாமாகவே குவிந்தன. அதை அவர் உணரவில்லை.

"'இடப்பக்கமாகப் போய்த் தொடாதீர்கள், திடுக்கிடுகிறாள்' என்று என் வீட்டுக்காரி மூன்று வருடமாகச் சொல்கிறாள் அம்மா. உனக்கு நாய் சாத்திரம் தெரியுமா என்று கேட்டேன். நடையெல்லாம் அன்பினால் என்று நினைத்திருந்தேன்," என்றார்.

"அன்பு இல்லை என்று யார் சொன்னார்?"

காற்று வந்து சருகுகளைப் புரட்டியது. ராஜா மெல்லக் கேட்டார்:

"ஒரு காதை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்பவளுக்குக் குட்டி பிறந்தால் என்ன குறை?"

"அவளுக்கு ஒரு காது இருக்கிறது. குட்டிக்கு?"

அம்மாள் எழுந்து தோப்பின் கோடிக்கு நடந்தார். ராஜா பின்தொடர்ந்தார். அங்கே ஒரு கிழட்டு வெள்ளை நாய், முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அம்மாள் நின்ற இடத்திலேயே குனிந்து, உள்ளங்கையால் தரையை இருமுறை தட்டினார். கிழட்டு நாய் எழுந்து, திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"இதன் பெயர் என்ன அம்மா? இரண்டு வருடமாகக் கேட்காமலே இருந்துவிட்டேன்."

"இப்போது கேட்டீர்களே. இரண்டு தட்டு. அதுதான் இவன் பெயர்."

ராஜா நாயின் தலையைத் தொட்டார்.

"என் முதல் ஈற்று," என்றார் அம்மாள். "ஒன்பது குட்டிகள். ஒன்பதும் தூய வெள்ளை. சோற்றுத் தட்டை எடுத்ததும் ஒன்பதும் ஓடி வந்தன. நான்கு குட்டிகள் மற்றவற்றைப் பார்த்து ஓடி வந்தன என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொடுத்த பிறகு தெரிந்தது. அந்த நான்கில், தரையைத் தட்டும் வீடு, என்னிடம் திரும்பி வந்த இவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது."

"மற்ற மூன்று?"

அம்மாள் இரண்டு தட்டின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். ராஜா மறுமுறை கேட்கவில்லை.

மாமரத்தடிக்குத் திரும்பும்போது, சங்குவின் கதவருகே ராஜா நின்றார். தாழ்ப்பாளைக் கையால் தொட்டு, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"திறக்க வேண்டாம் அம்மா," என்றார்.

அம்மாள் தலையசைத்தார்.

"இந்தக் குறை எங்கிருந்து வருகிறது? பெற்றவர்களுக்கு நன்றாகத்தானே கேட்டது."

"கேட்டதா என்று யார் பார்த்தோம்? காதுக்கு உள்ளேயும் சிறிது நிறம் வேண்டும் ஐயா. அது இல்லாத காது, குட்டிப் பருவத்திலேயே அணைந்துபோகிறது. எல்லா வெள்ளைக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் காதோரம் புள்ளி விழுந்த குட்டி செவிடாக இருந்து நான் பார்த்தது மிக அரிது."

ராஜா நடப்பதை நிறுத்தினார்.

"மிளகளவு கறுப்பு," என்றார்.

அவருடைய பார்வை தூங்கும் அல்லியின்மேல் நின்றது.

"பாட்டனார் கொடுத்தார். அப்பா கொடுத்தார். நானும் கொடுத்தேன். ஒவ்வொரு ஈற்றிலும் புள்ளி விழுந்ததையெல்லாம் தேடித் தேடி வெளியே அனுப்பினோம். அதைத் தூய்மை என்று ஊருக்கெல்லாம் சொன்னோம்."

அப்போது அல்லி விழித்தாள். எழுந்து உடலை உதறி, ராஜாவைக் கண்டு ஓடி வந்தாள். அவர் அசையாமல் நின்றார். அவள் அவரைச் சுற்றி இடப்பக்கம் வந்து, தன் இடத்தில் நின்று, முகத்தை உயர்த்திப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாதவர்போல மலையைப் பார்த்தார்.

"அப்படியானால் இவளோடு எங்கள் வம்சம் முடிந்தது."

"அந்தப் புள்ளிக் குட்டியை யாரிடம் கொடுத்தீர்கள்?"

ராஜா திடுக்கிட்டுத் திரும்பினார். "தேவதானம் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற ஒருவருக்கு. பெயர்கூடக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போ என்று வாசலிலேயே கொடுத்து அனுப்பினேன். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"பழையதோடு நல்ல வேட்டி ஒன்றும் சேர்ந்துவிட்டது என்றீர்களே. அதைக் கட்டிக்கொண்டு போங்கள்."

"போய்? பார்த்ததும் அதைத் திரும்பக் கேட்கவா?"

"கேட்க வேண்டாம். அந்தப் புள்ளிக்காரி தூங்கும்வரை உட்கார்ந்திருங்கள்."