தண்ணீர் வேண்டாம் என்ற முருங்கை

அந்தக் காலத்தில் கொல்லையில் நிற்கும் செடிகொடிகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசும். அவற்றில் பெரிய வாய் முருங்கைக்குத்தான். கிணற்றை ஒட்டி நின்றதால் முதல் குடம் தனக்கே வரவேண்டும் என்று அதிகாரம் செய்யும். குடித்துக் குடித்து இலையாய்த் தழைத்ததே தவிர, ஒரு பூ பூத்ததில்லை.

அந்தக் கொல்லை அங்காயியுடையது. கணவனை இழந்தவள். அவளும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தக் கொல்லையை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

ஒரு மாசி மாதம் கிணறு வற்றிப்போயிற்று. நாளெல்லாம் ஊறினாலும் ஒரு குடம்தான் தேறியது. கத்தரிச் செடிகள் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தன. அவை காய்ந்தால் குழம்புக்குப் போட ஒன்றும் இருக்காது. அங்காயி குடத்தோடு முருங்கையைத் தாண்டிப் போனாள்.

"இங்க ஊத்தாம எங்க போற?" என்று மறித்தது முருங்கை.

"உன் வேரு ஆழத்துல கெடக்கு, எப்படியும் பொழச்சுக்குவ. இதுங்க ஒரு வெயிலு தாங்காது" என்றாள் அங்காயி.

முருங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இனி நீயே கொடுத்தாலும் உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்றது. அவள் செய்த அநியாயத்தை ஊரே பார்க்கட்டும் என்று இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது.

பார்க்க ஒருவரும் வரவில்லை. அவரவர் கொல்லைக்குத் தண்ணீர் தேடுவதே அவரவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனால் இலை போனதும் முருங்கைக்குத் தாகமும் போய்விட்டது. செய்ய வேறு வேலை இல்லாததால் பூத்தது. கிளை தெரியாமல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது.

கத்தரியோ, அத்தனை தண்ணீர் குடித்தும் பங்குனி வெயிலில் கருகிப்போயிற்று. பிள்ளைகள் வெறும் கூழைக் குடித்தார்கள். இனி முருங்கைதான் கதி என்று அங்காயிக்குத் தெரிந்துவிட்டது. ஆசை ஆசையாய் அன்றைய குடம் முழுவதையும் அதன் அடியில் கவிழ்த்தாள். ஈரம் பட்டதுதான் தாமதம், முருங்கைக்குப் பழைய ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிப் பூ பொலபொலவென்று அவள் தலையிலேயே கொட்டியது.

அங்காயிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நிற்கிறவள் இல்லை அவள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இனிமே ஊத்தல. மிச்சத்தையாவது எம் புள்ளைங்களுக்குக் குடு" என்றாள்.

முருங்கை மிச்சப் பூவை இறுகப் பிடித்துக்கொண்டது. சித்திரை பிறந்ததும் கிளை வளையக் காயாய்த் தொங்கவிட்டது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அன்று முதல்தான், ஊரே காயும் நாளில் முருங்கை பூக்கிறது. பூத்திருக்கும்போது பாசத்தில் யாராவது தண்ணீர் ஊற்றினால் கொட்டிவிடுகிறது. அதன் குணம் தெரிந்தவர்கள் அப்போது குடத்தோடு அந்தப் பக்கமே போவதில்லை. கோடை முழுக்க அவர்கள் வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாமலும் போவதில்லை.