குப்புராசு மெச்சிய குழாய்

கோபியில் ஏகாம்பரத்துக்கு ஆறு வாடகை வீடுகள். எதிர்ச்சாரியில் குப்புராசுக்கும் ஆறு. அங்கே குடிவந்தவர்கள் யாரும் காலி செய்வதே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து ஏகாம்பரத்துக்கு வயிறு எரியும்.

அவர் வீட்டில் குடியிருந்த தையல்காரி மயிலாத்தாளின் சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகியது. தேங்கிய தண்ணீரில் மகள் வழுக்கி விழுந்து கை வீங்கிய அன்று, அவள் நேரே போய்க் கேட்டாள்.

"எப்பப் பாரு குறைதான்! என் வீட்டைப் பத்தி ஒரு குறையும் சொல்லாம கேளு, செஞ்சு தர்றேன்" என்று சிரித்தார் ஏகாம்பரம்.

"குறையே இல்லீங்கய்யா. நேத்து தைச்ச சட்டையை வாங்க வந்த குப்புராசய்யா நம்ம குழாயைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டாருங்க. எந்நாளும் இப்படியே இருக்கட்டும்னாருங்க."

ஏகாம்பரத்தின் முகம் கறுத்தது. "அவனா? சந்தோஷப்பட்டானா?"

"கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்து இன்னும் சந்தோஷமுங்க."

அரை மணி நேரத்தில் பிளம்பரும் தச்சரும் வந்தார்கள். ஏகாம்பரமே கூட நின்று வேலை வாங்கினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியானது. எதிர்வாசலில் குப்புராசு நிற்பதைக் கண்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்பப் பாரு, அவன் மூஞ்சி போற போக்கை!"

"நம்ம வாசல் பல்பும் எரிஞ்சா இன்னும் நல்லாத் தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தாள்.