செல் என்று சொன்ன கொற்றி

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், கேளுங்கள், பூவாயில் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரை நல்லுரைக்கோன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். புலிக்குப் பயப்பட மாட்டான், பகைவனுக்குப் பயப்பட மாட்டான், மாமியாருக்குக்கூடப் பயப்பட மாட்டான். சொற்களுக்கு மட்டும் பயப்படுவான்.

ஒருநாள் அவன் வேட்டைக்குக் கிளம்பி அரண்மனை வாசலில் குதிரை ஏறினான். கூட்டத்தை விலக்க வந்த காவலன் ஒருவன், "செல், செல்" என்று கத்தினான். அன்றைக்குக் குதிரை அரசனைச் சேற்றுக் குட்டையில் இறக்கிவிட்டுத் தனியாக வீடு திரும்பியது. குட்டைக்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று யாரும் விசாரிக்கவில்லை. பழி சொல்லின் மேல் விழுந்தது.

"வாசலில் நின்று 'வா' என்றுதான் சொல்லவேண்டும். 'செல்' என்று சொன்னவரின் வீடு பறிக்கப்படும்" என்று மறுநாளே முரசு அறைந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மரத்தைத் தின்னும் வெள்ளைப் பூச்சிக்கும் தமிழில் செல் என்றுதான் பெயர். மொழிக்கு இதிலெல்லாம் வெட்கமே கிடையாது. ஆளைப் போகச் சொல்வதற்கும் அதே சொல், வந்து வீட்டைத் தின்னும் பூச்சிக்கும் அதே சொல். சரி, கறையான் என்று சொல்லலாமே என்றால், அதில் கறை இருந்தது, தடுத்துவிட்டார்கள். சிதல் என்று சொல்லலாமே என்றால், அதில் சிதைவது காதில் விழுந்தது, அதையும் தடுத்துவிட்டார்கள். மூன்று பெயரும் போயின. பூச்சி மட்டும் போகவில்லை.

இந்தச் சட்டத்தைக் காப்பதற்குத் தேனுரையார் என்பவர் அதிகாரியானார். தெருத் தெருவாக நடந்து, வாசல் வாசலாகக் காது கொடுப்பது அவர் வேலை. மக்களின் கஷ்டம் அவருக்கும் தெரியும். "அந்தப் பூச்சியைப் பற்றி வாசலில் பேசியே தீரவேண்டுமென்றால் 'வந்தவர்' என்று சொல்லுங்கள். மங்கலமாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்" என்று வழி சொன்னார். எந்த நாட்டிலும் செல்லுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை.

தேனுரையார் வீட்டுக்கு எதிர்வீட்டில் கொற்றி இருந்தாள். வீட்டின் பின்கட்டில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவள். வீடு அவள் அப்பன் கட்டியது. வீடு போனால் செக்கும் போகும், செக்குப் போனால் சோறும் போகும். அவள் கணவன் சாத்தன் மாடு ஓட்டுவான், மூட்டை தூக்குவான், சட்டம் என்றால் மட்டும் உட்கார்ந்துவிடுவான்.

ஓர் ஐப்பசி மழை ஓய்ந்த காலையில், தன் வாசல் நிலைக்காலில் விரல் தடிமனுக்கு ஒரு மண் கோடு ஏறியிருப்பதைக் கொற்றி பார்த்தாள்.

"இது என்ன?" என்றாள்.

"நான் ஒன்றும் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை" என்றான் சாத்தன்.

பூவாயிலில் இதற்கு மூன்று வைத்தியம் இருந்தன. முதல் வைத்தியம் செம்மண் பூசுவது. பூசினார்கள், நிலை சிவந்தது, கோடு மறைந்தது, பத்தாம் நாள் இரண்டு கோடாக வந்தது. இரண்டாவது வைத்தியம் பித்தளைத் தகடு அறைவது. அறைந்தார்கள், நிலை மின்னியது, தகட்டுக்குள்ளிருந்து மாவு கொட்டியது. மூன்றாவது வைத்தியம் தேனுரையாரை அழைத்து மங்கலப் பாட்டுப் பாடவைப்பது. பாடினார். பாட்டு நீளம். முடிந்தபோது கொற்றி நிலையில் கை ஊன்றி எழுந்தாள். தகடு மூடாத இடத்தில் கட்டைவிரல் மரத்துக்குள் புதைந்தது.

அரசனின் வாழ்த்து நாளுக்குப் பன்னிரண்டு நாளே இருந்தன. ஆண்டுக்கொருமுறை அரசன் தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏறி நின்று, மேல் உத்தரத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று தடவை 'வாழ்க' என்பான். நல்லுரைக்கோன் நல்ல கனமான அரசன். உத்தரத்தில் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்குவது அவன் வழக்கம்.

கொற்றி தச்சரிடம் போனாள்.

"எனக்கு அறுக்கத் தெரியும், இழைக்கத் தெரியும், பூட்டத் தெரியும்" என்றார் தச்சர். "வாசலுக்கு வந்து 'என்ன பழுது' என்று நான் கேட்கவேண்டும். நீ பதில் சொல்லவேண்டும். கேட்டால் என் வீடு போகுமா, சொன்னால் உன் வீடு போகுமா என்று எனக்கே தெளிவில்லை. உளி தருகிறேன், வேங்கை மரத்தில் நல்ல வைரம் பாய்ந்த கட்டை தருகிறேன். நீயே பார்த்துக்கொள், தாயே."

கொற்றிக்கு மரம் புதிதில்லை. செக்கும் மரம்தானே. பித்தளைத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உளிப்பிடியால் நிலையைத் தட்டிக்கொண்டே போனாள். நல்ல மரம் 'டக்' என்றது. கெட்ட மரம் பூசணிக்காயைப் போல 'தொம்' என்றது. தொம் என்ற இடத்திலெல்லாம் கரியால் கோடு போட்டாள். பிறகு இரண்டு உலக்கைகளை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

சாத்தன் உள்ளே நின்று கையாள் வேலை பார்த்தான். வாசல் என்பதால் கொற்றி முதலில் சட்டப்படிதான் பேசினாள்.

"வந்தவர் இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறார். தண்ணீர் கொண்டு வா."

சாத்தன் செம்பில் நீர்மோர் கொண்டுவந்து, தெருவை எட்டிப் பார்த்தான். "எங்கே அவர்?"

"மோர் எதற்கு? வந்தவர் உத்தரத்துக்கே ஏறிவிட்டார். குச்சியை எடு, குத்தவேண்டும்."

"வந்தவரையா?" என்றான் சாத்தன். "என் சித்தப்பா இன்று வருவதாகச் சொன்னாரே."

"உன் சித்தப்பா ஏன் என் உத்தரத்தில் ஏறுகிறார்?"

"நீதானே சொன்னாய்."

கொற்றி உளியைக் கீழே வைத்தாள். இப்படிப் பேசினால் பன்னிரண்டு நாளில் நிலை செப்பமாகாது, பன்னிரண்டு ஆண்டிலும் ஆகாது. பெயர் இல்லாத ஒன்றை எந்த உளியாலும் தோண்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வாசல்படியில் நேராக நின்றாள். "செல்" என்றாள். "கறையான். சிதல். மூன்று முழத்துக்கு அரித்திருக்கிறது. போதுமா?"

சாத்தன் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் அடுத்த நொடி, "அப்படியென்றால் வேப்பெண்ணெய் வேண்டுமே" என்றான். அன்றுமுதல் வேலை வேகமாக நடந்தது.

அரித்த மரத்தை நல்ல மரம் தெரியும் வரை தோண்டி எடுத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டுவைக்கலாமே என்று மனம் கெஞ்சிய இடத்திலும் எடுத்தாள். மண் கோடு போன வழியே சுவரடியைத் தோண்டி, புற்றையும் அதற்குள் விரல் பருமனில் கிடந்த தாய்ச்செல்லையும் எடுத்து எறிந்தாள். மிஞ்சிய நிலையை வெயில் காயவிட்டு, வேப்பெண்ணெயை மூன்று தடவை ஊற்றி ஊறவிட்டாள். வேங்கைக் கட்டையில் நாக்கு செதுக்கி, பழைய மரத்தில் பள்ளம் எடுத்து, இரண்டையும் பூட்டி, மர ஆணி அடித்தாள். சின்னத் துளைகளில் குங்கிலியத்தையும் மரத்தூளையும் எண்ணெயில் காய்ச்சி அடைத்தாள். கடைசியாக, நிலைக்கால் மண்ணைத் தொடாதபடி அடியில் கருங்கல் கொடுத்தாள்.

பார்க்க அழகாக இல்லை. பழைய மரம் கறுப்பு, புதிய மரம் மஞ்சள், நடுவில் குங்கிலியப் பொட்டு. மாட்டுத் தோலைப் போல இருந்தது.

வாழ்த்து நாள் வந்தது. அரசன் வந்தான். கொற்றி வீட்டு வாசலில் கால் வைக்குமுன் தேனுரையார் குறுக்கே வந்தார்.

"அரசே, இந்த ஒட்டுப்போட்ட வாசலில் தங்கள் பாதம் படக் கூடாது. இவள் இதே படியில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னாள். அடியேன் எதிர்வீட்டிலிருந்து கேட்டேன், தங்கள் வாயாலேயே தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தேன்."

"சொன்னாயா?" என்றான் அரசன்.

'இல்லை' என்று சொன்னால் வீடு பிழைக்கும். கொற்றி ஒருமுறை தன் நிலையைப் பார்த்தாள். "சொன்னேன்" என்றாள். "சொல்லாமல் செப்பனிடத் தெரியவில்லை."

அரசனுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆனாலும் அச்சம் போகவில்லை. "உண்மை சொன்னதால் இந்த ஒருமுறை விடுகிறேன். இன்னொரு முறை அந்தச் சொல் இந்தத் தெருவில் உன் வாயிலிருந்து வந்தால் வீடு உன்னுடையது அல்ல" என்றான்.

சாத்தன் அவள் முந்தானையைப் பிடித்து, "வாயைத் திறக்காதே, திறக்காதே, திறக்காதே" என்று மூன்று தடவை முணுமுணுத்தான்.

அரசன் எதிர்வீட்டுப் படி ஏறினான். தேனுரையார் வீட்டு நிலை ஊரிலேயே பெரிய நிலை. ஏழு பூச்சுச் செம்மண், தலைமுதல் கால்வரை பித்தளை.

"இதுவல்லவா நிலை" என்று சொல்லி, தேனுரையார் விரல் முட்டியால் பெருமையாக ஒரு தட்டுத் தட்டினார்.

தொம்.

ஊரில் எல்லோரும் கேட்டார்கள். ஒருத்திக்குத்தான் அது என்ன என்று தெரிந்தது. அரசன் கையைத் தூக்கி உத்தரத்தைப் பிடித்தான். பித்தளைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மஞ்சள் மாவு அவன் தோளில் இறங்கியது. "வாழ்க" என்று ஒருமுறை சொன்னான். இரண்டாவது வாழ்கவுக்காகத் தொங்கினான்.

கொற்றி தன் வீட்டைப் பார்க்கவில்லை. சாத்தனின் பிடியை உதறி, "செல்!" என்று கத்தினாள்.

அந்தச் சொல்லுக்கு வாழ்நாளெல்லாம் பயந்தவன் அல்லவா? அரசன் சவுக்கடி பட்ட குதிரையைப் போல முன்னால் பாய்ந்து தேனுரையாரின் கூடத்தில் போய் விழுந்தான். அவன் நின்ற இடத்தில் உத்தரம் விழுந்தது, இரண்டு நிலைக்கால்களும் விழுந்தன, பித்தளைத் தகடு விழுந்து சுழன்று சுழன்று கடைசியில் அடங்கியது.

புழுதிக்குள்ளிருந்து முதலில் வந்தது தேனுரையாரின் குரல். "மறுபடியும் சொன்னாள், அரசே. அதுவும் ஒருமையில் சொன்னாள்."

அரசன் தூசி தட்டி எழுந்து வந்தான். "பூச்சியைச் சொன்னாயா, என்னைப் போகச் சொன்னாயா?"

"இரண்டும்தான், அரசே" என்றாள் கொற்றி. "'செல்லுங்கள்' என்று மரியாதை சேர்த்து முடிப்பதற்குள் உத்தரம் முந்திக்கொண்டிருக்கும்."

"சட்டப்படி இவள் வீடு..." என்று தேனுரையார் தொடங்கினார்.

அரசன் உடைந்த உத்தரத்தில் ஒரு துண்டை எடுத்து நெரித்தான். அது கையில் மாவாயிற்று. மாவுக்குள் வெள்ளைப் பூச்சிகள் நெளிந்தன. பிறகு, படியில் நின்றபடியே, எல்லோர் காதிலும் விழும்படி, "செல்" என்றான். சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தான். வானம் இடியவில்லை.

"தேனுரையாரே, சட்டப்படி இப்போது என் அரண்மனையும் போயிற்று. நீர் வந்து பறிக்கிறீரா, சட்டத்தை எடுத்துவிடலாமா?"

தேனுரையார் இருபது ஆண்டுகளில் முதல்முறையாக மங்கலம் அல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். அது என்ன சொல் என்பது உங்களுக்கு வேண்டாம்.

அன்று மாலைக்குள் பூவாயிலில் தட்டப்படாத நிலை இல்லை, சொல்லப்படாத பெயர் இல்லை. 'எங்கள் வீட்டில் செல்', 'எங்கள் வீட்டிலும் செல்' என்று திருவிழாவைப் போல வாசலுக்கு வாசல் கூவிக்கொண்டார்கள். தச்சரின் பட்டறையில் கட்டை தீர்ந்தது, கொற்றியிடம் வேப்பெண்ணெய் தீர்ந்தது. காது கூர்மையான தேனுரையாருக்குப் புது வேலை கிடைத்தது: வீடு வீடாகப் போய் நிலையைத் தட்டி, டக்கா தொம்மா என்று உரக்கச் சொல்வது. அவரைப் போல அதைச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

அரசனோ தெருவைக் கடந்து நேராகக் கொற்றியின் வாசலுக்கு வந்தான். கறுப்பும் மஞ்சளுமான அந்த உத்தரத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கினான். "வாழ்க" என்றான், "வாழ்க" என்றான், "வாழ்க" என்றான். நிலை அசையவில்லை.

ஆகவே கேட்டவர்களே, பழுதைப் பெயர் சொல்லி அழைக்கத் துணிந்தவரே அதை வீட்டைவிட்டு அனுப்ப வல்லவர்.