செம்போத்து புதருக்குள் போன கதை

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், செம்போத்துக்கு வெறும் போத்து என்றுதான் பெயர். அலகு முதல் வால் வரை ஒரே கறுப்பு. கண்ணும் கறுப்பு. இப்போது போலப் புதருக்குள் பதுங்கித் திரிகிற பறவையாகவும் அது இல்லை. கண்மாய்க்கரையை ஒட்டி நின்ற ஒரு வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தது.

தானியச் சாக்கு கிழிந்தால், தோல்பை தையல் விட்டால் ஊரார் போத்திடம்தான் கொண்டு வருவார்கள். துணியைக் காலால் மிதித்துக்கொண்டு, ஊசியை அலகில் பிடித்து ஒரு குத்து, ஒரு இழுப்பு. நீள நீளமான தையல். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பிரியாது.

அந்த ஊரில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகன் சடையனுக்கு ஏழு வயது. மரம் ஏறுவான், முள்வேலி தாண்டுவான், கரையிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கித் தண்ணீருக்குள் விழுவான். நாளுக்கு ஒரு துணி கிழிந்தது. பேச்சிக்கு அப்போது வயிற்றில் அடுத்த பிள்ளை. குனிந்து குனிந்து தைத்துச் சலித்துப்போய், ஒருநாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"போத்தண்ணே, இவன் கிழிக்கிறதை இனிமே இவனே தைக்கட்டும். கத்துக்குடுங்க."

"நான் மாட்டேன்" என்றான் சடையன்.

போத்து அவனைத் திட்டவில்லை. ஒரு பூவரச இலையைப் பறித்து அவன் மடியில் போட்டது. நூல் கோத்த ஊசி ஒன்றையும் கொடுத்தது.

"தைக்க வேண்டாம்டா. இதுல ஒரு பாம்பு விடு, பாப்போம். பாம்பு மண்ணுக்குள்ள போகும், வெளிய வரும். மறுபடியும் உள்ள போகும்."

சடையனுக்கு அது பிடித்துப்போனது. பாம்பு உள்ளே போனது, வெளியே வந்தது. இலையின் ஓரம்வரை வந்ததும் மகிழ்ச்சியாக நூலை இழுத்தான். நூல் மொத்தமும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"மாமா! என் பாம்பைக் காணோம்!"

"வால்ல முடிச்சுப் போட்டியா? முடிச்சு இல்லாத பாம்பு ஓடத்தான் செய்யும்" என்று சிரித்தது போத்து.

அடுத்த வாரம் குன்றிமணி போட்டு வைக்க ஒரு சுருக்குப்பை. மடியில் வைத்து மும்முரமாகத் தைத்து முடித்துவிட்டு, அம்மாவிடம் காட்ட எழுந்தான் சடையன். பையோடு சேர்த்து அவன் கட்டியிருந்த துணியையும் தைத்திருந்தான். பை இடுப்பில் தொங்கியது. அவனும் சிரித்தான், போத்தும் கிளையிலிருந்து விழப்பார்த்தது. அதற்கப்புறம் இலவம்பஞ்சு அடைத்த பந்து. பந்துக்கு நான்கு கால் வைத்து ஓர் ஆமை. கந்தலில் ஒரு பல்லி, அதற்குப் புளியங்கொட்டைக் கண். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று அவன் பின்னாலேயே திரிந்தார்கள்.

மழைக்காலம் நெருங்குவதற்குள் சடையனின் விரல் நன்றாகப் பழகிவிட்டது. அவன் தையல் எள்ளை வரிசையாக வைத்தது போலப் பொடிப் பொடியாக விழுந்தது. அலகால் தைக்கிறவர்களுக்கு அது வராது. முதலில் போத்துக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சடையன் எழுந்து போனதும் அவன் தைத்ததைத் தன் தையலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தது. பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் திருப்பிப் போட்டு வைத்தது.

"மாமா, பாப்பா வரப்போகுதுல்ல, அதுக்கு ஒரு போர்வை தைக்கப்போறேன். நீங்க ஒண்ணும் சொல்லித் தரக்கூடாது. நானே தைக்கிறேன்" என்றான் சடையன் ஒருநாள்.

வீடு வீடாகப் போய்த் துண்டுத்துணி வாங்கினான். கிழிந்த வேட்டி, நைந்த சேலைத் தலைப்பு, யாரோ கழித்துப்போட்ட தலைப்பாகை. நாற்பது துண்டுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நாற்பதும் நாற்பது நிறத்தில் இருக்கிறதே என்று, கருவேலம்பட்டையைக் கொதிக்கவைத்து, காவிமண் கரைத்து, அதில் முக்கி எடுத்தான். செக்கச்செவேல் என்றும் சொல்ல முடியாமல் பழுப்பு என்றும் சொல்ல முடியாமல், சூளையில் வெந்த செங்கல் மாதிரி ஒரு நிறம் வந்தது.

"நாலு நாள் நிழல்ல காயணும். அதுக்கு முன்னாடி ஈரம் பட்டா சாயம் இறங்கிடும்" என்றது போத்து.

"வீட்டுல போட்டா ஆடு மென்னுடும் மாமா. உங்க கிளையில போட்டுக்கறேன். பாத்துக்குவீங்கதானே?"

"பாத்துக்கறேன்டா" என்றது போத்து.

மூன்றாம் நாள் காலையில் கண்மாய்க்கரை மருதமரத்தில் பறவைகளின் கூட்டம். மழைக்கு முன்னால் வருடம் ஒருமுறை கூடுவார்கள். அந்த வருடத்தில் தாங்கள் செய்த நல்ல வேலையை ஒவ்வொருவரும் கொண்டுவந்து காட்டுவார்கள். தூக்கணாங்குருவி கூட்டைக் காட்டும்போது எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். போத்து சாக்கைக் காட்டும்போது, "சரி, அடுத்தது யாரு?" என்பார்கள். வருடா வருடம் இதுதான் நடந்தது.

அன்று காற்றில் குளிர் இருந்தது. கிளம்பப் போன போத்து, கிளையில் கிடந்த போர்வையைப் பார்த்தது. குளிருக்குத்தானே, போய்விட்டு வந்ததும் பழையபடி போட்டுவிடலாம் என்று நினைத்தது. இரண்டு சிறகையும் முதுகையும் மூடிப் போர்த்திக்கொண்டு போனது.

மருதமரத்தில் அது போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தூக்கணாங்குருவி தன் கூட்டை விட்டுவிட்டுப் பறந்து வந்து, போர்வையின் ஓரத்தை அலகால் தூக்கிப் பார்த்தது. "இப்படி ஒரு தையலை நான் பாத்ததே இல்லை. யாரு தச்சது?"

கூட்டத்துக்குத் தலைவராக இருந்த கிழட்டு நாரையும் குனிந்து பார்த்தது. எல்லாக் கண்ணும் போத்தின்மேல் இருந்தன. அதன் வாழ்நாளில் அத்தனை கண் அதைப் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றது போத்து.

"அலகாலயா? இவ்வளவு பொடித் தையலா?" என்று மைனா கேட்டது.

"அலகாலதான். ஒரு மாசம் ஆச்சு."

அதே நேரம் கரையில் சடையன் ஓடி வந்தான். விடிகாலையில் அவனுக்குத் தங்கச்சி பிறந்திருந்தாள். வேப்பங்கிளையில் போர்வையைக் காணாமல், இரைச்சல் கேட்ட திசைக்கு ஓடி வந்தவன், போத்து சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டான். மரத்தடியில் அப்படியே நின்றான்.

நாரை அவனைப் பார்த்தது. "தம்பி, நீ தினமும் வேப்பமரத்தடியிலதானே இருக்கிற. போத்து இதைத் தச்சதை நீ பாத்தியா?"

சடையன் நிமிர்ந்து போத்தைப் பார்த்தான். போத்தும் அவனைப் பார்த்தது.

"ஆமா. மாமாதான் தச்சாரு" என்றான் சடையன்.

"நீ எதுக்கு வந்தே?"

"சும்மா. வேடிக்கை பாக்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். மழை தூற ஆரம்பித்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு அவன் வெறுங்கையோடு கரைமேல் போவதைப் போத்து பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தது. பனைமரம் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தது. அவன் பனைமரத்தையும் தாண்டிப் போய்விட்டான்.

தூக்கணாங்குருவி பக்கத்தில் வந்து பணிவாக, "எனக்கும் இந்தத் தையலைச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டது.

மழை வலுத்தது. மற்ற பறவைகள் கலைந்து பறந்தன. ஈரப்போர்வையின் கனத்தில் போத்தால் பறக்க முடியவில்லை. கிளை கிளையாகத் தத்தி இறங்கி, தரையில் நடந்து, ஓர் இலந்தைப் புதருக்குள் நுழைந்து உட்கார்ந்தது. அங்கே அதை யாரும் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை அழுதது. அழுது அழுது அதன் கண் இரண்டும் குன்றிமணி போலச் சிவந்துவிட்டன.

மழை விட்ட பிறகு போர்வையை உதறி எடுத்தது. போர்வை வெளுத்துப்போயிருந்தது. சாயம் முழுவதும் அதன் சிறகில் இறங்கியிருந்தது. கண்மாய்த் தண்ணீரில் முக்கித் தேய்த்தது, மணலில் புரண்டது, முள்ளில் உரசியது. சிறகு வலித்ததே தவிர நிறம் போகவில்லை.

வெளுத்த போர்வையை அலகில் கவ்விக்கொண்டு போத்து பேச்சியின் வீட்டு வாசலுக்கு நடந்தே போனது. உள்ளே பேச்சி படுத்திருந்தாள். பக்கத்தில், அப்பனின் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது குழந்தை.

"வாங்கண்ணே. போர்வை ஓரத்தை மடிச்சுத் தர்றதுக்கு நீங்கதான் வச்சிருக்கீங்கன்னு இவன் சொன்னான். மழையில எதுக்கு அலைஞ்சீங்க? நாளைக்குக் கொண்டுவந்தா ஆகாதா?" என்றாள் பேச்சி.

அம்மாவிடமும் சடையன் உண்மையைச் சொல்லவில்லை என்று போத்துக்குப் புரிந்தது.

சடையன் வெளியே வந்து போர்வையை வாங்கினான். விரித்துப் பார்த்தான். துண்டுக்குத் துண்டு பழைய நிறங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"எதுக்குடா என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டது போத்து.

சடையன் தையலை விரலால் தடவினான். "எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்க மாமா. நான் கட்டியிருந்த துணியோட பையைச் சேத்துத் தச்சப்ப, நீங்க யாருகிட்டயும் சொல்லலைல்ல."

ஒரு திட்டுத் திட்டியிருந்தால் போத்து தாங்கியிருக்கும்.

"நாளைக்கு எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்டா. நீதான் தச்சேன்னு சொல்லிடறேன்."

"சரி மாமா" என்றான் சடையன். நம்பித்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் போத்து மருதமரத்துக்குப் போனது. நாரை இருந்தது, தூக்கணாங்குருவி இருந்தது, மைனா இருந்தது. போத்தின் சிறகைப் பார்த்ததும் மைனா கத்தியது: "செம்போத்து! செம்போத்து வந்துட்டாரு! இந்தப் போர்வையும் புதுசா? எப்பத் தச்சீங்க?"

போத்து வாயைத் திறந்தது. 'நான் இல்லை' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்து அடைத்துக்கொண்டது.

"ஊப்..." என்றது. மறுபடி முயன்றது. "ஊப்... ஊப்... ஊப்..."

மற்றவை சிரித்தன. போத்து மரத்திலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் இலந்தைப் புதரை நோக்கி நடந்தது.

சடையன் பல நாள் அந்தப் புதருக்கு வெளியே வந்து உட்கார்ந்தான். தங்கச்சிக்கு என்னென்னவோ பொம்மைகள் தைத்துக்கொண்டே, "மாமா, வெளிய வாங்க. இந்தக் காது சரியா இருக்கா பாருங்க" என்று கூப்பிட்டான். உள்ளே காய்ந்த இலைமேல் கால் நகர்கிற சத்தம் கேட்கும். போத்து வரவில்லை. அவன் வளர்ந்து ஊரே தேடி வருகிற தையல்காரனானான். மருதமரத்தடியில் நடந்ததை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் செம்போத்தின் சிறகு செங்கல் நிறத்தில் இருக்கிறது, கண் சிவந்திருக்கிறது. அது எதையும் தைப்பதில்லை. புல்லையும் குச்சியையும் முட்புதருக்குள் உருண்டையாகத் திணித்து, அதையே கூடு என்று வைத்துக்கொள்கிறது. வெயில் ஏறிய வேளையில் எங்கோ புதருக்குள்ளிருந்து "ஊப்... ஊப்..." என்று அடித்தொண்டையில் ஏதோ சொல்ல வருகிறது. சொல்லட்டும், கேட்போம் என்று நாம் கிட்டே போனால், பறந்துகூடப் போகாமல், தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்து போய்விடுகிறது.