பெட்டிக்குள் ஒரு செயலாளர்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் சங்கம் வைத்து, சந்தா கட்டி, செயற்குழு கூட்டி, முறைப்படி முட்டாள்களாக இருந்தவர்கள் எங்கள் பொட்டலூர் மில் தொழிலாளர்கள் மட்டுமே. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

முதலாளி எங்களை எத்தனையோ விதமாக ஏமாற்றிப் பார்த்தார். அவர் சொல்வது எங்களுக்குப் புரியவே இல்லை. புரியாதவனை எப்படி ஏமாற்றுவது? களைத்துப் போய், கேட்டபடி ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் போராடி நாங்கள் கண்ட சொத்து அது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை ஏமாந்தோம். போனஸ் ஒப்பந்தத்துக்கு முதலாளியின் வக்கீல் விளக்கம் சொல்ல வந்தார். விளக்கம் முடிந்தபோது போனஸைக் காணவில்லை. அன்றே தீர்மானம் போட்டோம்: இனி யார் எதைச் சொன்னாலும் சொன்ன சொல் சொன்னபடி, விளக்கம் கேட்பவன் கருங்காலி.

அப்படியிருக்கும்போது தீயணைப்பு அதிகாரி வந்தார். மாடிக்கு மாடி ஒலிபெருக்கி இருந்தது. தீப்பிடித்தால் எல்லோரையும் எச்சரிக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயரோ மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதை இரும்புப் பெட்டிக்குள்ள வைங்க. யார் கையும் படக்கூடாது. காத்துப் போக ஓட்டை இருக்கணும், ஆனா விரல் நுழையக்கூடாது. கரண்ட் போனா வேலை செய்ய ஒரு பேட்டரி வைங்க. அது எப்பவும் ஃபுல்லா இருக்கணும். திங்கட்கிழமை வருவேன். அறிவிப்பைக் கேட்டு ஒருத்தர் விடாம வெளியே வந்தா சான்றிதழ். இல்லேன்னா கட்டடத்துக்கு சீல். எல்லாரும் தெருவுலதான்."

அவர் போனதும் செயற்குழு கூடியது. தலைவர் திருமேனி, செயலாளர் ஏகாம்பரம், பொருளாளர் சூசை, மகளிர் அணித் தலைவி செங்கமலம். இந்தச் செங்கமலம் ஏகாம்பரத்தின் மனைவி.

"யார் கையும் படக்கூடாதுன்னா, நம்ம கையும் சேர்த்தா?" என்றார் சூசை.

"உங்களைத் தவிரன்னு சொன்னாரா?" என்று கேட்டார் திருமேனி.

"சொல்லலை."

"அப்ப சேர்த்துத்தான். கதவு வெச்சா எவனாவது திறப்பான். நாலு பக்கமும் வெல்டிங் அடிச்சிடுவோம்."

"மைக்கு?" என்றாள் செங்கமலம்.

"அதுவும் உள்ளேதான். மைக்கைத் தொடறதும் கைதானே?"

"எல்லாம் உள்ளே போயிட்டா யார் பேசறது?"

சபை நெடுநேரம் யோசித்தது. கடைசியில் ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார். "பேசறதுக்கு வாய்தானே வேணும்? ஒரு ஆளையும் உள்ளே வெச்சிடலாம்."

"ஆளை வெச்சா அவன் கையும் கூடவே வருமே, தோழர்!"

"முதுகுக்குப் பின்னால கட்டிடலாம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. யோசனை சொன்னவருக்கே பொறுப்பு என்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். தவிர, மில் வாசல் கூட்டத்தில் மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல் ஏகாம்பரத்துடையது. நெல் கொட்டும் குதிர் அளவுக்கு ஒரு பெட்டி செய்தோம். ஆம்ப்ளிஃபயரை வைத்தோம், மைக்கை வைத்தோம், கையைக் கட்டி ஏகாம்பரத்தை வைத்தோம். திருமேனி மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அவரே வெல்டிங் அடித்தார். அப்படி ஒரு கச்சிதமான வேலையை நான் பார்த்ததில்லை.

காற்று ஓட்டைகள் விரல் நுழையாதபடி இருந்ததால் சாப்பாடுதான் சிக்கலாயிற்று. செங்கமலம் இடியாப்பத்தை இழை இழையாகப் பிரித்து உள்ளே நீட்டினாள்.

"ஏங்க, தேங்காய்ப்பால் வேணுமா?"

"எப்படிடீ குடுப்பே?"

"குடுக்க முடியாது. வேணுமான்னுதான் கேட்டேன்."

பேட்டரி சூசையின் பொறுப்பு. அதைப் பெட்டிக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்துப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போனது. சூசை பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"ஏன் தோழர் பிடுங்குனீங்க?" என்றேன்.

"விட்டா இறங்கிடுமே! எப்பவும் ஃபுல்லா இருக்கணும்னு அதிகாரி சொல்லலையா?"

கரண்ட் வந்ததும் திரும்ப மாட்டினார். ஒரு துளிகூடக் குறையவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. "பரவாயில்லையே, பலமா செஞ்சிருக்கீங்க" என்றார்.

"நன்றி ஐயா" என்றது பெட்டி.

அதிகாரி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். நாங்கள் விவரம் சொன்னோம். அவர் மெல்ல நடந்து போய், "கரண்ட் இல்லாம பேசுதான்னு பார்ப்போம்" என்று மெயின் சுவிட்சை இறக்கினார்.

சூசை பேட்டரியைப் பிடுங்கினார்.

"சத்தமே வரலையே!" என்றார் அதிகாரி.

"சத்தத்தை விடுங்க ஐயா, பேட்டரியைப் பாருங்க. ததும்பத் ததும்ப நிக்குது!"

"மாட்டுய்யா அதை!" என்று அதிகாரி கத்திய கத்தலில் சூசை பாய்ந்து மாட்டினார். ஐந்து மாடியிலும் ஏகாம்பரத்தின் குரல் எழுந்தது.

"தோழர்களே! தாய்மார்களே! இந்த மில் தொடங்கிய நாளில் நம் நிலைமை என்ன? எட்டு மணி நேர வேலை என்று கேட்டோமா? கேட்டோம்! கொடுத்தார்களா? இல்லை!"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏகாம்பரத்தின் பேச்சு அப்போதுதான் முதல் வேலைநிறுத்தத்துக்கு வந்திருந்தது. மாடிகளில் இருந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"தீ எப்ப வரும்?" என்று பல்லைக் கடித்தார் அதிகாரி.

"முன்னுரை முடியட்டும் ஐயா. கதவடைப்பு, உண்ணாவிரதம், அப்புறம் தீதான்" என்றார் திருமேனி.

"அதுக்குள்ள எல்லாரும் சாம்பல்! நான் சீல் வைக்கறேன்!"

அவர் பையைத் திறந்து அரக்கை வெளியே எடுத்துவிட்டார். லத்தி அடிக்குக் கலங்காத திருமேனியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கமலம் அதிகாரியின் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, என்ன சொல்லணும்னு நீங்களே அவருக்குச் சொல்லுங்க. அப்படியே சொல்லுவாரு. நான் சொன்னாத்தான் கேக்கமாட்டாரு."

அதிகாரி ஓட்டையில் வாயை வைத்தார். "தீப்பிடிச்சிருக்கு, எல்லாரும் உடனே வெளியே போங்க, மறு அறிவிப்பு வர்ற வரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது. இவ்வளவுதான்யா, மடையா!"

"தீப்பிடிச்சிருக்கு, எல்லாரும் உடனே வெளியே போங்க, மறு அறிவிப்பு வர்ற வரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது. இவ்வளவுதான்யா, மடையா!" என்று ஐந்து மாடியும் முழங்கியது.

சங்கக் கட்டுப்பாடு என்றால் என்ன என்பதை அன்று அந்த அதிகாரி பார்த்தார். குழம்பை அடுப்பில் இருந்து இறக்கி வைத்துவிட்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சோப்பு நுரையோடு சிலர், பாதி சவரத்தோடு சிலர், எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதிகாரி வாயைப் பிளந்தார்.

"ஒருத்தர் விடாம வந்தாச்சா?" என்று கேட்டார்.

"ஏகாம்பரம் வரலையே!" என்றார் சூசை.

உடனே பெட்டியருகே நின்றிருந்த எங்களில் ஆறு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒலிபெருக்கி ஒயர்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று அறுந்தன. பெட்டியைத் தெரு நடுவே இறக்கினோம். சூசை பேட்டரியைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஒருத்தர் விடாம வந்தாச்சு ஐயா. சான்றிதழ் தர்றேன்னு சொன்னீங்க. சொன்ன சொல் சொன்னபடி" என்று திருமேனி கையை நீட்டினார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றே வேறு மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டுவிட்டாராம்.

வெற்றி முழக்கம் விண்ணைப் பிளந்தது. முழக்கம் ஓய்ந்ததும் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினார். திருமேனி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மறு அறிவிப்பு வந்துதா?"

"வரலை."

"அப்புறம் எங்கே போறீங்க?"

அறிவிப்பு வர வேண்டுமென்றால் பெட்டியில் ஒயரை மாட்ட வேண்டும். ஒயரின் முனைகள் கட்டடத்துக்குள் இருந்தன. கட்டடத்துக்குள் போக அறிவிப்பு வர வேண்டும். போதாக்குறைக்குப் பேட்டரியும் சற்றே இறங்கிவிட்டதால் அது ஃபுல் ஆகும் வரை யாரையும் கிட்டே விட முடியாது என்று சூசை சொல்லிவிட்டார். சான்றிதழைக் கட்டட வாசலில் ஒட்டினோம். எல்லோரும் தெருவில் உட்கார்ந்தோம்.

சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் சூசை அந்த உண்மையைக் கண்டுபிடித்தார்: பொட்டலூர் தொழிலாளர்களில் தலைக்கு மேல் கூரை உள்ளவர் ஏகாம்பரம் ஒருவர்தான். நாலு சுவர், இரும்புக் கூரை, தனி வீடு. தெருவிலேயே அவசரக் கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு ஒரு பெட்டி கேட்டுப் போராட்டம் அறிவித்தோம். வீட்டுக்காரர்கள் வீடற்றவர்களின் சங்கத்தில் பொறுப்பு வகிக்கக்கூடாது என்பதால் ஏகாம்பரத்தைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினோம்.

செங்கமலத்துக்கு மனசு கேட்கவில்லை. நனைந்துகொண்டே போய்ப் பெட்டியைத் தட்டினாள்.

"ஏங்க, நான்தான். கதவைத் திறங்க."

"கதவு எங்கேடீ இருக்கு?" என்றார் ஏகாம்பரம் உள்ளேயிருந்து.

செங்கமலம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா தோழர்களே! சொந்த வீடு வந்ததும் கட்டின பொண்டாட்டிக்கே என்ன பேச்சுப் பேசறாரு!"