பஸ்ஸுக்கு வெளியே ஒரு டிக்கெட்

வெள்ளந்திக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். எனக்கு ராத்திரிச் சோறு வேண்டாமா?

அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர்கள், அவ்வளவுதான். பெருந்தொற்று வந்த புதிதில், ‘வெளியாட்கள் ஊருக்குள் வரக்கூடாது’ என்று எல்லையில் போர்டு வைக்கச் சொன்னார்கள். ஊர்த் தலைவர் செம்புலிங்கம் தன் கையாலேயே எழுதி நட்டார். தூரத்தில் இருந்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்க எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நன்றாகவே தெரிந்தது. வாசித்தார். தான் இப்போது வெளியே நிற்பதைக் கவனித்தார். அப்படியே திரும்பி அடுத்த ஊரில் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டார். சட்டம் போட்டவரே மீறினால் ஊர் உருப்படுமா?

என் மனைவி அந்தச் சமயம் பிறந்த வீட்டுக்குப் போய், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். இனிமேல் நான் சொல்வதெல்லாம் அவள் கண்ணால் கண்டு, எனக்குச் சிரிக்காமல் சொன்னது.

ஒருவழியாக நோய் தணிந்தது. நர்ஸம்மா ஜெபராணி ஸ்கூட்டியில் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பேசினார்.

“இனி பயந்துகிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டாம். அதுக்காகத் துள்ளவும் வேண்டாம். எதுல ஆபத்து கம்மி, எதுல கூடன்னு யோசிச்சுப் பாருங்க. வெளிக்காத்துல நின்னு டீ குடிக்கது சின்ன ஆபத்து. ஜன்னல மூடிக்கிட்டு நெருக்கியடிச்சு பஸ்ல போறது அதைவிடப் பெருசு. சின்னதுலருந்து ஒவ்வொண்ணா ஆரம்பிங்க. கூட்டம் மட்டும் கூடாதீக.”

சுடலைக்கண்ணு கையைத் தூக்கினான். அவன் மனைவி கோமு பிரசவத்துக்கு மேலப்பாறைக்கு, தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் போனதும் ஊரடங்கில் பஸ் ஓடுவது நின்றது. பெண் குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற பருவமும் வந்துவிட்டது. அவன் இன்னும் மகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. மகளுக்காக வாங்கிய கிலுகிலுப்பையை மடியில் செருகிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவான். நடக்கும்போது அது குலுங்கும். அதைச் சொல்லும்போது மட்டும் என் மனைவிக்குக் குரல் இறங்கிவிடும். எனக்கும் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது.

போனில் மகளைப் பார்த்திருக்கிறான். அதற்கும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பார்ப்பான். அது கொம்பையாவின் ஏற்பாடு. ஊரில் யோசிக்கிற வேலை முழுவதையும் கொம்பையா ஒருத்தரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர்.

“ஏலே, நீ இருமுனா அங்க கோமுவுக்குக் கேக்குதா இல்லியா?” என்று கேட்டிருந்தார்.

“கேக்குது அண்ணாச்சி.”

“சத்தம் போற வழியில கிருமி போவாதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லைதான். ஆகவே அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் நீலக் கட்டம் போட்ட கைலித் துணி மாஸ்க், அதற்கு மேலே இரண்டு கண்.

“எம் பிள்ளையப் பாக்கப் போலாமாம்மா?” என்று நர்ஸம்மாவிடம் கேட்டான்.

“தாராளமா போங்க. மாஸ்க்கைப் போட்டுட்டு, ஜன்னலத் திறந்துவச்சு, ஓரமா உக்காந்து போய்ட்டு வாங்க.”

நர்ஸம்மாவின் ஸ்கூட்டி கிளம்புவதற்குள் சுடலைக்கண்ணு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டான். கொம்பையா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

“சின்னதுலருந்து ஒவ்வொண்ணான்னு சொல்லிட்டுப் போறாவ, நீ நேரா பஸ்ல ஏறப் போறியே. முதல்ல டீ குடிக்கணும்லே.”

“எனக்கு டீ வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளையப் பாக்கணும்.”

“டீ குடிக்காதவன் எப்படிப் பிள்ளையப் பாக்க முடியும்? எதுக்கும் ஒரு வரிசை இருக்குல்லா.”

செம்புலிங்கம் இன்னும் ஒருபடி மேலே போனார். “ஊரே ஒண்ணா ஆபத்துல இறங்க வேண்டாம். ஒருத்தன் எல்லாத்தையும் செய்யட்டும். நாம பக்கத்துல நின்னு பாப்போம். அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா நாமளும் செய்வோம்.”

அந்த ஒருத்தன் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சுடலைக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

“செய்யுதேன்,” என்றான் அவன். “சட்டுபுட்டுன்னு பஸ்ஸுக்கு விட்டிருங்க.”

மறுநாள் பால்வண்ணம் டீக்கடையைத் திறந்தார். சுடலைக்கண்ணுவை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் ஊர் நின்றது. நடக்க முடியாத பெரியவர் ஒருவரையும் கட்டிலோடு தூக்கி வந்துவிட்டார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை என்று நெருங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் சுடலைக்கண்ணுவின் தோளிலேயே சாய்ந்துகொண்டார்கள்.

“கூட்டம் கூடக் கூடாதுன்னாவளே,” என்று பால்வண்ணம் இழுத்தார்.

“இதுவா கூட்டம்? கூட்டம்னா சும்மா நிக்கது. நாம பாத்துக்கிட்டுல்லா நிக்கோம்,” என்றார் கொம்பையா.

அடுத்த சிக்கல் மாஸ்க். கழற்றினால் கிருமி உள்ளே போகும். கழற்றாவிட்டால் டீ போகாது. கொம்பையா கண்ணை மூடி யோசித்தார்.

“டீய எதுல வடிகட்டுதீரு?”

“துணியில.”

“மாஸ்க்கு எதுல தச்சது?”

“துணியில.”

“பொறவு என்னவே?”

மாஸ்க்கின் மேலேயே டீயை ஊற்றினார்கள். கொஞ்சம் வாய்க்குப் போனது, மிச்சம் சட்டைக்குப் போனது. பிறகு செம்புலிங்கம் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உச்சி வெயிலில், ஊர் முழுக்க மேலே சாய்ந்து நிற்க, கொதிக்கிற டீயில் முகம் கழுவியவனுக்கு நெற்றி எப்படி இருக்கும்? சுட்டது.

உடனே சமுதாயக் கூடத்தில் தனிமைப்படுத்தினார்கள். தனியாக இருந்தால் பயந்துவிடுவான் என்று முப்பது பேர் கூடவே பாய் விரித்துப் படுத்தார்கள். விடிந்ததும் நெற்றி ஆறியிருந்தது. டீயில் ஆபத்தில்லை என்று முடிவாயிற்று.

“அப்போ பஸ்ஸு?” என்றான் சுடலைக்கண்ணு.

“முடி வெட்டணும்லா,” என்றார் கொம்பையா. “இப்படியே போனா பிள்ள பயப்படாதா?”

அது நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது. சலூன் வைத்திருந்த மாடசாமிக்கு ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்பது நன்றாக நினைவிருந்தது. அவர் ஒரு நீள மூங்கில் கழியின் நுனியில் கத்தரியைக் கட்டினார். அதைத் திறந்து மூட ஒரு கயிறு. கயிற்றை இழுக்க ஒரு ஆள். முதல் வெட்டில் காற்றைத் தவிர எதுவும் வெட்டுப்படவில்லை. இரண்டாவதில் இடது புருவம் போயிற்று.

ஊர் கூடி ஆலோசித்தது.

“இது அந்த நோயோட அறிகுறியா இருக்குமோ?” என்றார் செம்புலிங்கம்.

“காய்ச்சல் சொன்னாவ, இருமல் சொன்னாவ, மணம் தெரியாதுன்னாவ, மூச்சு வாங்கும்னாவ. புருவத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே,” என்றார் கொம்பையா.

முடி வெட்டுவதிலும் ஆபத்தில்லை என்று முடிவாயிற்று. மாடசாமி இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம் என்றார். சுடலைக்கண்ணு கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடியே போய்விட்டான்.

மேலப்பாறைக்கு ஒரு மினி பஸ் உண்டு. ரோட்டின் லட்சணத்தில் மாட்டு வண்டிகள் அதை முந்திக்கொண்டு போகும். பஸ் வந்து நின்றதும் சுடலைக்கண்ணு படியில் கால் வைத்தான். “இறங்குலே!” என்றது ஊர்.

“உள்ள ஆபத்து, வெளிக்காத்து நல்லதுன்னாவளா இல்லியா?” என்றார் கொம்பையா.

“ஜன்னல் ஓரமா உக்காரலாம்னும் சொன்னாவளே அண்ணாச்சி.”

“ஜன்னலுக்கு எந்த ஓரம்னு சொன்னாவளா? உள்ளயும் ஓரந்தான், வெளியயும் ஓரந்தான். காத்து எந்தப் பக்கம் இருக்கு?”

காற்று வெளியேதான் இருந்தது. சுடலைக்கண்ணு இறங்கினான்.

ஆனால் அவனுக்கு என்ன ஆகிறது என்று ஊர் பார்க்க வேண்டாமா? எல்லோரும் பஸ்ஸுக்குள் ஏறினார்கள். இருக்கையில் மூன்று பேர், மடியில் மூன்று பேர். கட்டில் பெரியவரைப் பின்சீட்டில் குறுக்கே செருகினார்கள். புழுதி வருகிறதென்று ஜன்னல்களை மூடிவிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டார்கள். என் மனைவிக்கு நல்ல இடம் கிடைத்ததாம்.

கண்டக்டர் வெளியூர்க்காரர். “ஏன்யா, அவர் ஏறலையா?” என்றார்.

“அவன் ஆபத்து இல்லாம பஸ்ல வாரான். நீங்க டிக்கெட்டக் குடுங்க,” என்றார் செம்புலிங்கம்.

கண்டக்டர் பல ஊர் பார்த்தவர். கதவு வழியாக டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சுடலைக்கண்ணு பக்கவாட்டில் ஓடினான். மாஸ்க் தாடைக்கு இறங்கிவிட்டது. இடுப்பில் கிலுகிலுப்பை சலங்கை மாதிரி குலுங்கியது. பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் அவனும் ஒழுங்காக நின்றான். டிக்கெட் எடுத்தவன் முன்னால் ஓடிப்போய்விடக் கூடாது அல்லவா?

மேலப்பாறை வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோமு நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். அவன் அவளை நோக்கிப் போவதற்குள், பஸ்ஸிலிருந்து இறங்கிய கொம்பையா, “ஏ, மூச்சு வாங்குது! இவனுக்கு மூச்சு வாங்குது!” என்று கத்தினார். நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

“பிள்ளையத் தொடாதலே,” என்றார் செம்புலிங்கம். “ஊருக்குத் திரும்பிருவோம். மறுபடியும் டீயிலருந்து ஆரம்பிப்போம்.”

கை எட்டுகிற தூரத்தில் மகள். அவனுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. என் மனைவி உட்படப் பாதி ஊர் அங்கேயே அழுதுவிட்டது. ஆனாலும் பிடியை யாரும் விடவில்லை.

கோமு மேலப்பாறைக்காரி, விவரமானவள். “பஸ்ஸு கூடவே ஓடி வந்தா மூச்சு வாங்காதா?” என்றாள்.

“நாங்களும் இதே பஸ்லதான் வந்தோம் தாயி,” என்றார் கொம்பையா. “எங்களுக்கு வாங்கலியே?”

கோமு கூட்டத்துக்குள் புகுந்து பிள்ளையை அவன் கையில் வைத்துவிட்டாள்.

பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தது. மூக்கும் வாயுமாக, ஒற்றைப் புருவத்தோடு யாரோ ஒரு ஆள். வீறிட்டு அழுதது. அவன் பதறிப்போய் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டான். டீக்கறை போகாத அதே நீலக் கட்டம். அழுகை நின்றது. பிள்ளை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் கண்ணீரில் மாஸ்க் முழுவதும் நனைந்துபோனது. கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

“நான் இன்னைக்கே வீட்டுக்கு வாரேன்,” என்றாள் கோமு. “ஆனா ஒண்ணு. எம் பிள்ள ஏறுத பஸ்ல இம்புட்டுக் கூட்டம் ஏறக் கூடாது.”

நியாயமான பேச்சு. ஊர் ஒத்துக்கொண்டது. ஆனால் சுடலைக்கண்ணு பஸ்ஸுக்கு உள்ளே உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டும், ஏறவும் கூடாது. இந்த முறை கொம்பையாவுக்குக் கண்ணை மூடக்கூடத் தேவைப்படவில்லை.

அவர்கள் மூவரும் ஜன்னல் ஓரம் காற்றாட உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வெளியே கை நீட்டி, ஊர் முழுமைக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.

சாயங்காலம் நர்ஸம்மா, ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வெள்ளந்திக்குளத்துக்கு வந்தார். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பஸ் நிறுத்தத்தில் விசாரிக்கலாம் என்று நின்றபோது மினி பஸ் வந்தது. சுடலைக்கண்ணுவும் கோமுவும் சிரித்த முகமாக இறங்கினார்கள். பிள்ளை கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பஸ்ஸுக்குப் பின்னால் புழுதி அடங்கியது. ஊர் ரோட்டில் கிடந்தது. சிலர் குனிந்து முழங்காலைப் பிடித்திருந்தார்கள், சிலர் மல்லாந்துவிட்டார்கள். கட்டில் பெரியவரைத் தூக்கி ஓடிவந்த நாலு பேரும் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துவிட்டார்கள். பெரியவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

“அய்யோ, என்ன ஆச்சு?” என்று நர்ஸம்மா பதறினார். “எல்லாருக்கும் ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க போய்ட்டு வாரீக?”

செம்புலிங்கத்துக்கு வாய் திறந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“பஸ்ல... வந்தோம்மா.”