பேச்சிமுத்துவின் பல்லும் தங்கையாவின் அட்டையும்

கோணக்குறிச்சிக்காரர்களின் மூளையை யாரும் குறை சொல்ல முடியாது. அதை அவர்கள் வெளியே எடுத்ததே இல்லை. அந்த ஊருக்குச் சில்லு பதித்த மருத்துவ அட்டை வந்தது. கொடுக்க வந்த பெண், "பத்திரம், இதைத் திருடுறவன் உங்க பேர்ல வைத்தியம் பார்த்துக்குவான்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

உடனே கூட்டம். தலைவர் ஆவுடையப்ப அண்ணாச்சி தாடையைச் சொறிந்தபடி கேட்டார்: "பேச்சிமுத்து வீட்டுக்கு வாற திருடன் பேச்சிமுத்து அட்டையைத்தானே தேடுவான்? அங்க தங்கையா அட்டை கிடந்தா?"

"ஏமாந்து போவான்," என்றார் தங்கையா. ஊரே அட்டைகளை மாற்றி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

கொஞ்ச நாளில் பேச்சிமுத்துவுக்குக் கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. அன்று சாயங்காலம் பார்த்து மச்சினன் வீட்டில் கறிவிருந்து. ஒரு எலும்பைக்கூடக் கடிக்காமல் திரும்புவதை நினைத்தே மனுஷனுக்கு அழுகை வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியோடும் தங்கையாவோடும் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மெஷினில் அட்டையைச் செருகி விரலை வைத்தார். "இது தங்கையா அட்டை. அவர் விரல் வச்சாத்தான் வைத்தியம்," என்றாள் நர்ஸ்.

"வலி எனக்குல்லா?" என்றார் பேச்சிமுத்து.

"அது நீரு சொல்லுதது," என்றார் அண்ணாச்சி. "மெஷின் தங்கையாங்குது. அவ்வளவு செலவழிச்சு வாங்குன மெஷினுக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்?"

நியாயம்தானே! தங்கையா விரலை வைத்தார், மெஷின் பச்சை விளக்கு காட்டியது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பேச்சிமுத்துவிடம் விசாரித்து, அதே பல்லைக் காட்டினார்.

"பல் நல்லா இருக்கே," என்றார் டாக்டர்.

"பாத்தா அப்படித்தான் தெரியும் டாக்டர். ராத்திரி தெருவே தூங்கலை," என்றார் தங்கையா.

வெளியே வரிசை நீளம். டாக்டர் பிடுங்கிவிட்டார்.

வாயில் பஞ்சோடு வந்த தங்கையா, "இப்பம் எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"குறையலையே," என்றார் பேச்சிமுத்து, பரிதாபமாக.

அண்ணாச்சி முகம் இருண்டது. "வலிச்ச பல்லைப் பிடுங்கியாச்சுன்னு மெஷின்லயே ஏறியாச்சு. அப்போ இது உம்ம வலி இல்லை. எவனோ ஒரு களவாணி உம்ம பேர்ல வலிச்சுக்கிட்டு இருக்கான். நடங்க, ஸ்டேஷனுக்கு."

"ஆள் எங்கேன்னு போலீஸ் கேட்டா?"

"வாயைத் திறந்து காட்டும். உள்ளதான இருக்கான்."

திருடன் வழியில் தப்பிவிடக் கூடாதே என்று பேச்சிமுத்து வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார். மச்சினன் வாசலில் நின்று, "மாமா, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தும் அவர் வாயைத் திறக்கவே இல்லை.